வெறும் வயிற்றில் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

கவாத்து முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். மேற்குப் பந்தலில் துளிர் சீராக வந்திருக்கிறது. தாத்தா வைத்த கொடிகள் மட்டும் கொஞ்சம் மந்தம். மழை விட்டபாடில்லை, அடிச்சாம்பல் வந்துவிடுமோ என்று மருந்தை முன்கூட்டியே அடித்துவிட்டேன்.

நீ போன் செய்து மூன்று ஞாயிறு ஆகிறது. அங்கே அறுவடைக் காலம், வேலை நெருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ருசி பார்க்கப் போகும் நாளில் ஒரு வாய் சோறாவது, ரொட்டியாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

கடைசியாகப் பேசியபோது ஒன்று கேட்டாய். உன் வைன் கடைக்கு வருபவர்களில் பலர் நம் பன்னீர் திராட்சையின், நீங்கள் ஹாம்பர்க் மஸ்கட் என்கிற இந்தப் பழத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை, அவர்களுக்கு இதன் வைனில் எந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது என்று. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்த மகள் என்னிடம் கேட்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் பதில் சொல்லத் தோன்றவில்லை. அத்தை மகன் கொண்டுவந்த இரண்டு பாட்டில்களையும் ருசித்துப் பார்த்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் மடேரா ஊரிலிருந்து வந்த பாட்டிலை நீ சொன்னபடி இரண்டு மணி நேரம் குளிரவைத்துச் சின்ன டம்ளரில் ஊற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளைச் சாற்றின் நிறம். பழம் கருப்பாயிற்றே, வைன் ஏன் இவ்வளவு வெளுப்பு என்று யாராவது குறை சொன்னால் மெல்லிய தோல் என்று சொல். நம் பன்னீர் திராட்சையை அமுக்கியவனுக்கு அது தெரியும். மூக்கருகே கொண்டுபோனதும் பழவெட்டுக்கு முந்தின வாரம் விடியற்காலையில் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தது போல இருந்தது. அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "நம் பழம்தான்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது பாட்டில் இனிப்பில்லாதது. அதை எனக்குப் பிடிக்கவில்லை. மணம் இனிப்பு என்கிறது, நாக்கில் இனிப்பு இல்லை, விழுங்கியபின் தொண்டையில் வேப்பங்கொழுந்துக் கசப்பு நிற்கிறது. சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிட்டால் மஸ்கட் இனத்தில் இந்தக் கசப்பு தலைகாட்டும் என்று நீதான் முன்பு சொன்னாய். அதனால் இனிப்பில்லாததைக் கடையில் அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ருசித்துப் பார். முகர்ந்து மட்டும் வாங்கிவிடாதே, இந்தப் பழத்தின் மணம் எவரையும் மயக்கிவிடும். ருசித்ததைத் துப்பிவிடு. வெறும் வயிற்றில் வேண்டாம்.

புதிதாக வருபவருக்கு மடேராவினுடையதைப் போல ஒன்றைக் கொடு. லேபிளில் 15 சதவீதம் என்றோ அதற்கு மேலோ இருந்தால், பாதி நொதிப்பில் திராட்சை ஸ்பிரிட் ஊற்றி நிறுத்திப் பழத்தின் இனிப்பைக் காத்திருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன டம்ளர், கூடவே கசப்புச் சாக்லேட், அவ்வளவுதான். 5, 6 சதவீதம் என்றால் நுரை வரும் லேசான வகை, அதையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆண்டைக் கட்டாயம் பார். வைத்து வைத்துக் குடிக்கிற வைன் இல்லை இது. ஜெரானியால், லினலூல் என்று மணப்பொருள்களை நீ சொன்னாயே, அந்த ரோஜா மணம் பாட்டிலுக்குள் கிடக்கக் கிடக்கப் போய்விடும். பழையது மலிவாக வருகிறதே என்று வாங்கிவிடாதே.

அலெக்சாண்டிரியா மஸ்கட், ஸ்கியாவா கிரோசா என்ற இரண்டு திராட்சைகளைச் சேர்த்து இங்கிலாந்தில் உண்டாக்கிய பழம், பெயர் மட்டும் ஹாம்பர்க் என்று நீ விளக்கியது எனக்கு மறக்கவில்லை. கிரேக்கத்தில் டிர்னவோஸ் ஊரில் இதிலிருந்து சிப்புரோ என்ற சாராயம் காய்ச்சுவதையும் சொன்னாய். எனக்கு மிகவும் பிடித்தது சீனக் கதை. அவர்கள் மொழியில் இதற்குப் பெயரே 'ரோஜா மணம்'. நம் ஊரில் பன்னீர் என்றார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டா பெயர் வைத்தார்கள்? 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் எல்லோரிடமும் சொன்னேன், என் மகள் சொன்னது என்று.

இவ்வளவு தெரிந்த உனக்கு, ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பாள் என்பது தெரியாதா?

அன்றைக்கு வீடியோவில் உன் முகம் உப்பியிருந்தது. தூக்கமில்லை என்றாய். அங்கே காலை பத்து மணி. மேசை ஓரத்தில் ஒரு குவளை இருந்தது. நீ அதைப் படத்துக்கு வெளியே நகர்த்தினாய். தண்ணீராகக்கூட இருக்கலாம். நான் கேட்கவில்லை. சித்தப்பாவிடமும் நான் கேட்கவில்லை.

பாப்பா, மோட்டார் அறையை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பழம் அழுகிக் கொட்டிய வருடம். அம்மா கிறிஸ்துமஸுக்குப் போட்டு வைத்த ஜாடியை வைக்கோலுக்குள் ஒளித்து, நான் டம்ளர் டம்ளராக மொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். நீ தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாய். "அம்மாவிடம் சொல்லாதே" என்றேன். நீ சொல்லவில்லை. ஜாடி உடைந்துவிட்டது என்று நானே ஒரு பொய் சொன்னபோதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாய். அந்த ஒரு நாள் மட்டுமில்லை, இரண்டு வருடம் அப்படி நின்றாய். சமர்த்துப் பெண் என்று உன் தலையைத் தடவினேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பாசம் என்று உனக்குப் பழக்கிக் கொடுத்தவன் நான்தான். அப்படியிருக்க, நீ போன் செய்யவில்லை என்று எந்த முகத்தோடு உன்னைக் கோபித்துக்கொள்வேன்?

அன்றைக்கு மடேரா பாட்டிலில் ஒரு டம்ளரோடு நிறுத்தினேன். ஆனால் இரவில் இரண்டு முறை எழுந்து பிரிட்ஜ் வரை போனேன். கதவைத் திறந்து வெளிச்சத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இது தெரியாது. இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன். மீதியை அவள் கேக்குக்கு உலர்திராட்சை ஊறவைக்க எடுத்துக்கொண்டாள்.

வருகிற ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு அம்மா போய்விடுவாள். நான் மேற்குப் பந்தலில் இருப்பேன், அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. உனக்கு அது சனிக்கிழமை இரவு. கூப்பிடு. நீ கூப்பிடாவிட்டால் நான் கூப்பிடுகிறேன். அந்தக் குவளையில் என்ன இருந்தது என்று இந்த முறை கேட்பேன். எதுவாக இருந்தாலும் சொல், அப்பா திட்ட மாட்டேன்.

போனை எடுக்குமுன் சாப்பிட்டுவிடு.

அப்பா