“காதல் எங்கடா?” என்று கேட்ட சித்திக்கு

அன்புள்ள சித்தி,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்கு உங்கள் செய்தி வந்தது. “பார்த்து முடிச்சாச்சு. படகு நல்லா இருந்துச்சு. உங்க சித்தப்பா அரை மணி நேரத்துல தூங்கிட்டாரு. எல்லாம் சரி, காதல் எங்கடா?”

உலகத்தின் பெரிய காதல் படங்களில் ஒன்று என்று சொல்லித்தான் ‘ஆப்பிரிக்கன் குயின்’ படத்தைப் பார்க்கச் சொன்னேன். அதனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். செய்தியில் அடங்காது, அதனால் கடிதம்.

படம் எடுத்த 1951-இல் ஹம்ப்ரி போகார்ட்டுக்கு வயது 51. காதரின் ஹெப்பர்னுக்கு 44. எண்ணெய் படிந்த சட்டை, சவரம் செய்யாத முகம், ஜின் பாட்டில் இதெல்லாம்தான் கதாநாயகன் சார்லி ஆல்நட். கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, பாதிரியாரான அண்ணனுக்கு வீடு பார்த்துக்கொண்டு, கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ரோஸ் கதாநாயகி. “கிழவனும் கிழவியும்” என்று நீங்கள் எழுதாமல் விட்டதை நானே எழுதிவிடுகிறேன். ஆனால் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ரோஸைத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. சபைக்கே வாழ்ந்து பழகிய அப்படி ஓர் அக்காவை நம் பக்கத்துக் கோயில்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

காதல் எங்கே என்று கேட்டீர்கள். யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

தொடக்கத்தில் அவன் அவளுக்கு “மிஸ்டர் ஆல்நட்.” அவள் அவனுக்கு “மிஸ்.” தேநீர் மேஜையில் அவன் வயிறு கடமுட என்று சத்தம் போடுகிறது. அண்ணனும் தங்கையும் காதில் விழாத மாதிரி ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறார்கள். 1914 செப்டம்பர், ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்கா. சில நிமிடத்தில் ஜெர்மன் படை வந்து ஊரைக் கொளுத்திவிடுகிறது, அண்ணன் புத்தி பேதலித்துச் செத்துப்போகிறார். குழி வெட்டிப் புதைத்துவிட்டு அவளைத் தன் ஓட்டைப் படகில் ஏற்றிக்கொள்கிறான் சார்லி. ஏறிக் கொஞ்ச நேரத்துக்குள் அந்த அம்மாள் திட்டம் போடுகிறாள்: படகிலிருக்கும் வெடிமருந்தை வைத்து டார்பிடோ செய்து, ஆற்றின் கடைசியில் இருக்கும் ஏரியைக் காவல் காக்கும் ஜெர்மன் கப்பலை மூழ்கடிக்க வேண்டும். நடுவில் ஒரு கோட்டை இருக்கிறது, பாறையும் அருவியும் இருக்கின்றன. “மிஸ்டர் ஆல்நட்” அயர்ந்துபோகிறார்.

எனக்குப் பிடித்தது அந்த முதல் ராத்திரி. மழை கொட்டுகிறது. அவள் கூரைத் துணிக்குள் படுத்திருக்கிறாள், அவன் வெளியே நனைகிறான். தாங்க முடியாமல் உள்ளே நுழைகிறான். அவள் அலறி அவனை விரட்டிவிடுகிறாள். அப்புறம்தான் வெளியே எட்டிப் பார்த்து, மழைக்காகத்தான் வந்தான் என்று புரிந்துகொண்டு திரும்பக் கூப்பிடுகிறாள். பெரிய வசனம் ஒன்றும் கிடையாது. ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற கூச்சம் அந்த முகத்தில் வந்து போகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஜின். குடித்துவிட்டு அவளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத் தூங்கிவிடுகிறான். காலையில் கண்ணைத் திறந்தால், அவள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து ஆற்றில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஜின் போனதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான், அந்த மௌனம்தான் அவனை உடைக்கிறது. குடித்ததற்குக் கோபமில்லை, ஆற்றில் இறங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாறியதற்குத்தான் கோபம் என்று அவனுக்குப் புரியும் இடம் அது. உங்கள் வீட்டில் சித்தப்பா சீட்டுக் கட்டை விட்ட கதையை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தக் காட்சி உங்களுக்கு விளங்கவில்லை என்றால் நம்ப மாட்டேன்.

கோட்டையின் குண்டு மழையைத் தாண்டி, பாறைச் சுழிப்பைத் தாண்டி, உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். முத்தம் தானாக விழுந்துவிடுகிறது. விலகி நின்று, கை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு வேலையைத் தேடுகிறார்கள். அதற்கப்புறம்தான் அவள் கேட்கிறாள், உங்கள் பெயர் என்ன என்று. சார்லி என்கிறான். அந்தப் பெயரை அவள் சொல்லிப் பார்க்கிறாள்.

இத்தனை நடந்த பிறகு பெயர்! சித்தி, முப்பத்தாறு வருஷமாக நீங்கள் சித்தப்பாவை “இந்தாங்க” என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நீங்கள் பெயரைச் சொல்வதில்லை, ரோஸுக்குப் பெயரே தெரியாது. ஒரு பெயரைச் சொல்ல எத்தனை தூரம் கடக்க வேண்டும் என்பது இந்தப் படத்தைப் பார்க்கும் வெள்ளைக்காரர்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஜான் ஹூஸ்டன், ஸ்டுடியோச் செடி போதாது என்று பெல்ஜியன் காங்கோவுக்கும் உகாண்டாவுக்கும் ஆட்களைக் கூட்டிப்போனார். கலர்ப் படம் எடுக்கும் அந்தக் காலத்து டெக்னிக்கலர் கேமரா பூதாகரமானது, அந்தச் சின்னப் படகில் அதற்கு இடமில்லை. தெப்பத்தின் மேல் படகின் பகுதிகளைக் கட்டி, அதில் நடிகர்களை நிற்க வைத்து எடுத்தார்கள். படக்குழுவே வயிற்றுப்போக்கில் கிடந்தது. போகார்ட்டும் ஹூஸ்டனும் மட்டும் திடமாகத் திரிந்தார்கள், காரணம் இருவரும் தண்ணீருக்குப் பதில் விஸ்கி குடித்ததுதான் என்று ஹாலிவுட்டில் பெருமையாகச் சொல்வார்கள். குடியைக் கண்டித்துத் தண்ணீராகவே குடித்த ஹெப்பர்ன் மோசமாகப் படுத்துவிட்டார். ஆர்கன் வாசிக்கும் காட்சியின்போது பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தாராம். படத்தில் ஜின்னைக் கொட்டியதும் அவரேதான்!

தொடக்கத்தில் ஹெப்பர்ன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார். ஹூஸ்டன் அவரிடம், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ஆஸ்பத்திரியில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்கப் போகும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பை வைத்துக்கொள் என்றாராம். அந்த ஒரு யோசனையில்தான் ரோஸ் பிறந்தாள். போகார்ட்டுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்காரும் இந்தச் சார்லிக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. முதல் காட்சியிலேயே நீங்கள் முகம் சுளித்திருப்பீர்கள், நானும்தான். பாதிரியார் பாட்டைத் தொடங்க, ஊர் ஜனம் வார்த்தை புரியாமல் முனகுகிறது. அதை நகைச்சுவையாக வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு வெளியே சார்லி வீசியெறிந்த சுருட்டுக்கு அடித்துக்கொள்வதும் அப்படியே. மேல்நாட்டு மெட்டுப் பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, நம்மூர் ராகக் கீர்த்தனையிலிருந்து ஒரு பாட்டு என்று இரண்டையும் தன் பாட்டாகப் பாடுகிற உங்கள் பாடகர் குழுவுக்கு அது சிரிப்பாக இருக்காது. ஊர் எரிந்த பிறகு அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று படம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. காடு இருக்கிறது, நீர்யானை இருக்கிறது, காட்டுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

இன்னொன்றும் படத்தில் இல்லை, அது உங்கள் ஊர். கதை நடப்பதாகச் சொல்லும் அதே 1914-இல், இரண்டே மாதம் கழித்து, அதே ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் படை இறங்கித் தோற்றது. இறக்கிவிடப்பட்ட பட்டாளங்களில் ஒன்றின் பெயர் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. தேனீக்கள் கலைந்து கொட்டியதில் சிப்பாய்கள் சிதறி ஓடியதால் ‘தேனீக்களின் போர்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதையும் யாராவது படமாக எடுத்திருக்கலாம்.

முடிவைப் பற்றியும் சண்டை போட்டிருந்தீர்கள். தூக்குக் கயிறு தயாராக இருக்கும்போது கல்யாணம் செய்துவைக்கச் சொல்லிக் கேட்பதும், ஜெர்மன் கேப்டன் தன் சக்கரவர்த்தி கெய்சரின் பெயரால் கல்யாணத்தை முடித்துவிட்டு அதே மூச்சில் தூக்கில் போடச் சொல்வதும், அதற்குள் கப்பல் வெடிப்பதும் நம்புகிற மாதிரி இல்லை, உண்மைதான். 1935-இல் சி.எஸ். ஃபாரஸ்டர் எழுதிய நாவலில் இவர்களுடைய டார்பிடோ வெடிப்பதே இல்லை, கப்பலை மூழ்கடிப்பது பிரிட்டிஷ் கடற்படைதான். ஆனாலும் அந்த அவசரக் கல்யாணத்தில் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வரும். இனி “மிஸ்டர் ஆல்நட்” இல்லை, “மிஸ்” இல்லை, அதைச் சட்டப்படி சொல்லக் கிடைத்தவர் ஓர் எதிரி.

நிஜத்தில் அந்த ஏரி டாங்கனிக்கா. அங்கே ஜெர்மானியர்கள் வைத்திருந்த பெரிய கப்பலின் பெயர் ‘கிராஃப் ஃபான் கோட்சன்.’ பின்வாங்கும்போது, 1916-இல், அவர்களே அதை மூழ்கடித்தார்கள், எஞ்சினுக்கு நன்றாகக் கிரீஸ் தடவிவிட்டு. 1924-இல் தூக்கி எடுத்தார்கள். ‘லியம்பா’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் ஜனங்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த ஏரியில் ஓடியது. படத்தில் நடித்த படகு 1912-இல் இங்கிலாந்தில் கட்டியது. இப்போது அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் இருக்கிறது.

கிரீஸ் என்றதும் சித்தப்பா ஞாபகம் வருகிறது. அவர் தூங்கியது முதல் அரை மணியில், அதனால் அவருக்கான காட்சியைத் தவறவிட்டுவிட்டார். அருவியில் அடிபட்டு ஷாஃப்ட் வளைந்து, ப்ரொப்பல்லரின் ஓர் இறகு உடைந்துபோகும். ஒன்றும் செய்ய முடியாது என்பான் சார்லி. ஏன் முடியாது என்பாள் ரோஸ். கரையில் நெருப்பு மூட்டி, இரண்டு பேருமாக ஷாஃப்டை நிமிர்த்தி, இறகை ஒட்டவைத்து, மறுபடி மாட்டிவிடுவார்கள். “காதல் எங்கடா” என்ற கேள்விக்கு நான் கை காட்டுவது அந்தக் காட்சியைத்தான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். வெறும் விறகு நெருப்பில் அந்த வேலை நடக்குமா? முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்த மனுஷன் வீட்டில் இருக்கிறார். அந்த இடத்தில் அவரை எழுப்பிப் பார்க்கச் சொல்லி, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்