சலவைத்தூள் பாக்கெட்டில் தண்ணீரின் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரின் கடினத்தன்மை தெரியாமல் நாங்கள் ஒரு லாட் துணியைக்கூட மெஷினில் ஏற்ற மாட்டோம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். அவை மிஞ்சினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், சாயமேற்றிய பின் சோப்பு நீரில் அலசினாலும் (சோப்பிங்) ஒட்டாத சாயம் போகாது. அதே தண்ணீரைத்தான் வீட்டு வாஷிங் மெஷினிலும் விடுகிறோம். அங்கே இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் வாங்கும் ஃப்ரண்ட் லோடு சலவைத்தூளின் பாக்கெட்டில் துணி எத்தனை கிலோ, அழுக்கு குறைவா அதிகமா என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்தத் தண்ணீருக்கு என்ற பேச்சே இல்லை. எங்கள் பகுதியில் பைப்பில் பவானி ஆற்றுத் தண்ணீர் விடுகிற அன்று சம்ப் நிறைய மென்மையான தண்ணீர் இருக்கும். அது தீர்ந்தால் போர் தண்ணீர். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் இரண்டு விதமான தண்ணீர் மெஷினுக்குள் போகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு எப்படிச் சரியாகும்?

போர் தண்ணீரில் சலவைத்தூளின் ஒரு பங்கு உப்போடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அளவு குறைந்தால் வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்படிக்கும், துண்டு விறைத்துப்போகும். அந்தப் பழக்கத்தில் ஆற்றுத் தண்ணீருக்கும் அதே அளவைப் போட்டால் நுரை பொங்கும். ஃப்ரண்ட் லோடு மெஷின் குறைந்த தண்ணீரில், துணியை மேலே தூக்கித் தூக்கிக் கீழே போட்டுத் துவைப்பது. நுரை மெத்தைபோல் நின்றால் துணி விழுகிற அடி குறையும், அழுக்கு போகாது, அலசலும் முழுசாக நடக்காது. மிச்சம் கதவு ரப்பரில் படிந்து கருப்புப் பூஞ்சை பிடித்து நாறும். கைத்துவையலுக்கான தூளை இந்த மெஷினில் போடவே கூடாது என்பதும் இதனால்தான். ஃப்ரண்ட் லோடு தூளில் நுரையை அடக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். பட்டறையில் நாங்கள் ஆன்டிஃபோம் ஊற்றுவதும் அதற்குத்தான்.

பக்கத்து வீட்டு அம்மணி, "கப்புல கோடு போட்டிருக்கறபடிதானுங்க போடறேன், அப்பறம் ஏனுங்க நாறுது?" என்று கேட்டார். கடைசி அலசலின்போது கண்ணாடிக் கதவில் நுரை தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். தெரிந்தது. ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் அளவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து, நுரை தெரியாத இடத்தில் கப்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். போர் தண்ணீருக்கு அதற்கு மேலே இன்னொரு கோடு. தண்ணீர் எது என்று சந்தேகம் வந்தால், பாதி பாட்டில் தண்ணீரில் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் போதும். மென்தண்ணீரில் நுரை நிற்கும், உப்புத் தண்ணீரில் வெள்ளைத் திரியாகத் திரளும்.

ஆனால் இதை வீட்டுக்கு வீடு ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் பனியன் போய்ச் சேரும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2004-ஆம் ஆண்டின் 648-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி மென்மை, நடுத்தரம், கடினம் என்ற மூன்று வகைத் தண்ணீருக்கும் தனித்தனி அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆகவேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் கடினத்தன்மையை அங்கே நடுத்தரம் என்கிறார்கள். நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 200 வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. குடிக்க அனுமதித்த தண்ணீரிலேயே இத்தனை வித்தியாசம்.

இங்கே விற்கும் சலவைத்தூளிலும் திரவத்திலும் இந்த மூன்று அளவுகளைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாநகராட்சிகள் தாங்கள் விநியோகிக்கும் தண்ணீரின் கடினத்தன்மையைப் பகுதிவாரியாக வெளியிட வேண்டும். பரிசோதனைச் செலவு அதிகமில்லை. பட்டறையில் சில நிமிடங்களில் முடிக்கிற வேலை அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயப்பட்டறை மாஸ்டர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.