புல்லுக்கு வாடகை கொடுக்கிறீர்கள், வேலிக்கும் கொடுங்கள்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் வேளாண் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் வசிக்கும் தமிழன் நான். எனக்கு இங்கே ஒரு சென்ட் நிலமும் கிடையாது. ஆனால், மண்ணைக் காக்கப் புல் வளர்க்கும் நில உரிமையாளர்களுக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் என் வரிப்பணமும் இருக்கிறது. காற்றடித்தால் பறக்கும் மண் என் வீட்டுக்குள்ளும் வருகிறது.

சும்மா கிடக்கும் நிலத்துக்குச் சம்பளமா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1930-களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு, இங்குள்ள மார்ட்டன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) உழுது பாழான நிலங்களை மத்திய அரசே விலைக்கு வாங்கிப் புல் விதைக்க வேண்டியிருந்தது. இன்றைய சிமரான் தேசியப் புல்வெளி அப்படி மீண்டதுதான். 1985-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் பிறந்த சி.ஆர்.பி. (Conservation Reserve Program) என்னும் நிலப் பாதுகாப்புத் திட்டம் அதைவிட நயமான வழி. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். எளிதில் அரித்துப்போகும் மண்ணில் 10 முதல் 15 ஆண்டுகள் பயிர் வைக்காமல் புல் வளர்க்க ஒப்பந்தம், அதற்கு ஆண்டு வாடகை, விதைப்புச் செலவிலும் ஒரு பங்கு.

ஒப்பந்தம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. 2007-இல் 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. எத்தனால் என்ற எரிபொருள் தயாரிக்க மக்காச்சோளம் தேவைப்பட்டதால் அதன் விலை ஏறியது. 2014 வேளாண் சட்டத்தில் நீங்களும் திட்டத்தின் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தீர்கள். வெளியே வந்த நிலத்தில் பெரும்பகுதி மீண்டும் கலப்பைக்கே போனது.

எங்கள் சாலையின் ஒரு பக்கம் ஒப்பந்தத்தில் உள்ள நிலம். குளிர்காலத்தில் புல் செம்பு நிறத்தில் நிற்கும். விரலால் கிளறினால் வேர்ப்பின்னல் மண்ணை விடாது. எதிர்ப்பக்கம் ஒப்பந்தம் முடிந்து உழுத நிலம். மார்ச் மாதக் காற்றுக்குப் பின் அங்கிருந்து வந்த மணல் சாலையோரப் பள்ளத்தைத் தூர்த்துவிடுகிறது.

உரிமையாளரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவை முன்பு கோதுமை விளைந்த வயல்கள். வேலியும் இல்லை, மாட்டுக்குத் தண்ணீரும் இல்லை. 160 ஏக்கரைச் சுற்றி வளைக்க 2 மைல் வேலி வேண்டும்; கிணறும் தொட்டியும் தனி. உரிமையாளர் பலர் வயதானவர்கள், தொலைவில் நகரத்தில் இருப்பவர்கள். டிராக்டரோடு குத்தகைக்கு வருபவர் நாளையே உழத் தயார். மாட்டோடு வருபவர் முதலில் வேலி எங்கே என்றுதான் கேட்பார். பத்தாண்டு வாடகை கொடுத்து வளர்த்த புல் இந்த ஒரு கேள்வியில் அழிகிறது.

ஆகவே, ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளில், புல்லைக் காக்க எழுதிக்கொடுப்பவர்களுக்கு வேலிக்கும் தண்ணீருக்கும் செலவில் பங்கு கொடுங்கள். ஓய்வுபெறும் உரிமையாளர் புதிய விவசாயிக்கு நிலத்தை விட்டால் இரண்டு ஆண்டுத் தொகை கூடுதலாகத் தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. புல்லை விட்டுவைப்பவருக்கும் அதைத் தரலாம். நீரின் தரத்துக்காக 2018 சட்டத்தில் கொண்டுவந்த 30 ஆண்டு ஒப்பந்தத்தைக் காற்று அரிக்கும் வறண்ட நிலங்களுக்கும் திறந்துவிடுங்கள். நிலம் முடங்கியதால் விதைக்கடையும் உரக்கடையும் படுத்துவிட்டன என்ற குறை எங்கள் சிற்றூர்களில் நெடுநாளாக உண்டு, அது நியாயமானதும்கூட. மாடு மேய்ந்தால் வேலி போடுபவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் வேலை இருக்கும்.

2018 சட்டம் 2023-இல் காலாவதியான பின் ஆண்டுக்காண்டு நீட்டித்தே ஓட்டியிருக்கிறீர்கள். முழுமையான சட்டத்தை எழுத உட்காரும்போது, விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கவுன்டி குழுக்களை முதலில் அழைத்து, ஒப்பந்தம் முடிந்த வயல்களில் எத்தனைக்கு வேலி இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தென்மேற்குக் கன்சாஸிலிருந்து ஒரு தமிழன்