கரையேறாத கப்பல்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும். இங்கே எல்லோரும் சுகம், சின்னவளுக்குக் கோவைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

டாக்டர் டிவி பார்க்கலாம் என்றதும் நீ முதலில் பார்க்க வேண்டியது 1951இல் வந்த 'பண்டோரா அண்ட் தி ஃப்ளையிங் டச்மேன்' படம். நன்னம்பிக்கை முனைப் பக்கம் கரை சேர முடியாமல் அலையும் பேய்க்கப்பலைப் பற்றி ஐரோப்பிய மாலுமிகள் காலங்காலமாகச் சொல்லி வந்த கதைதான். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் அதை 1843இல் ஆப்பெராவாக, அதாவது இசை நாடகமாக, ஆக்கினார். படத்தில் சாபம் இப்படி: ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கப்பல்காரன் கரையிறங்கலாம், தனக்காக உயிரையே விடத் துணியும் பெண் கிடைத்தால்தான் விடுதலை. இயக்குநர் ஆல்பர்ட் லூயின் இதை 1930ஆம் ஆண்டு ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊருக்குக் கொண்டுவந்து, ஜேம்ஸ் மேசனைக் கப்பல்காரனாகவும் ஏவா கார்ட்னரைப் பண்டோராவாகவும் ஆக்கிவிட்டார்.

பண்டோரா யாரையும் நேசிக்கத் தெரியாதவள். எனக்காக எதை இழப்பாய் என்று கேட்டு, ஒருவன் பாடுபட்டு உருவாக்கிய ரேஸ் காரை மலை விளிம்பிலிருந்து கடலில் தள்ள வைக்கிறாள். அதே இரவு, தூரத்தில் நிற்கும் படகு யாருடையது என்று பார்க்க நீந்தியே போய்விடுகிறாள். அங்கே கப்பல்காரன் வரைந்துகொண்டிருப்பது அவள் முகத்தைத்தான்! கோபத்தில் அவள் அந்த முகத்தைச் சிதைத்துவிட, அவன் பதறாமல் அந்த இடத்தில் முட்டை மாதிரி வெறும் தலையை வரைந்துவிடுகிறான். இந்த இடத்திலேயே படம் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவளை உண்மையாகவே நேசிக்கத் தொடங்கியதும், தன்னால் அவள் சாகக்கூடாதென்று அவளை வெறுப்பதுபோல் பேசி விலக்கப் பார்க்கிறான் பார், காதல் என்றால் அதுதான் என்று எனக்குப் பட்டது. மீனவர் வலையில் இரண்டு உடல்கள் சிக்குவதில்தான் படமே தொடங்குகிறது, முடிவு தெரிந்தும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவில் அந்த இரவுக் கடலின் நீலத்தைப் பார்க்கத்தான் உன் புதுக்கண்! காளைச் சண்டை வீரனாக வரும் மாரியோ கப்ரே நிஜத்திலும் அதே தொழில்காரர், ஏவா மேல் கவிதைப் புத்தகமே போட்டார். படம் எடுத்த டொஸ்ஸா டி மார் ஊரில் 1998இல் ஏவாவுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். உன் பேரன் விழுந்து விழுந்து பார்க்கும் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தில் டேவி ஜோன்ஸின் கப்பலும் இதே பேய்க்கப்பல் கதையிலிருந்து வந்ததுதான், அவனிடமும் சொல்.

பார்த்ததும் எழுது. கப்பல்காரன் உண்மையை முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் இவர். சொல்லியிருந்தால் அது அவள் உயிரைக் கேட்டு வாங்கியதாகிவிடாதா? நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
மீனா