14 கிளப்புக்கு ஆடியவருக்கும் ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை வேண்டும்

மேஜர் லீக் பேஸ்பாலின் 30 கிளப் உரிமையாளர்களுக்கும், வீரர்கள் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவுக்கும்,

வணக்கம். உரிமையாளர்களும் சங்கமும் போட்டிருக்கும் உங்கள் இப்போதைய பொது ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. போன தடவை முடிந்தபோது 99 நாள் கதவடைப்பு நடந்தது. ஆடம்பர வரி (சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் கிளப் கட்டும் வரி), குறைந்தபட்சச் சம்பளம் என்று பெரிய விஷயங்களிலேயே பேச்சு ஓடியது. இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் ஒரு சின்ன விதிக்காக இதை எழுதுகிறேன். அந்த விதி 1973இல் வந்தது, அதற்குப் பிறகு ஆட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

10-5 விதியைச் சொல்கிறேன். மேஜர் லீகில் 10 வருடம் முடித்து, அதில் கடைசி 5 வருடம் ஒரே கிளப்பில் இருந்த வீரரை அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய, அதாவது வேறு கிளப்புக்குக் கைமாற்ற, முடியாது. நல்ல விதிதான். ஆனால் இது யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் வேர் விட்டவருக்குக் கிடைக்கிறது. வருடா வருடம் பிடுங்கி நடப்பட்டவருக்கு, அதாவது இந்தப் பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு, எத்தனை வருடம் ஆடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கடைசி 5 வருடத்தை அவருக்குக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் கிளப்களின் கையில்தான் இருக்கிறது.

14 கிளப்புக்கு ஆடிய எட்வின் ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் ஜெர்மனியில் பிறந்தவர். 2003 செப்டம்பர் 9, அவருடைய 20ஆவது பிறந்தநாள். அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடி, எதிரில் வீசிய பிரபல பிட்சர் ராண்டி ஜான்சனையே தோற்கடித்தார். அப்படி ஆரம்பித்தவரை 2006 ஜனவரியில் டாம்பா பேவுக்கு அனுப்பினார்கள். சரி, அங்கே முதலில் திணறினார், அப்புறம் 2008இல் 14 ஆட்டம் ஜெயித்தார், அந்த வருடம்தான் அந்தக் கிளப் முதல் தடவையாக லீகின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அதே டிசம்பரில் டெட்ராய்டுக்கு டிரேட். 2009இல் டெட்ராய்டுக்காக ஆடி, அந்த வருடத்தின் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வானார். அதே டிசம்பரில் அரிசோனாவுக்கு டிரேட்.

2010 ஜூன் 25. அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். டாம்பாவில், தன் பழைய கிளப்புக்கு எதிராக, 149 பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் ஆட்டத்தை முடித்தார். 8 பேருக்கு வாக் (தப்பான பந்துகளால் முதல் பேஸுக்குச் சும்மா போக விடுவது) கொடுத்திருந்தார், ஒவ்வொரு இன்னிங்ஸும் கத்தி மேல் நடப்பது மாதிரி இருந்தது, ஸ்கோர் 1-0. பிட்சரின் பந்து எண்ணிக்கை நூறைத் தாண்டினாலே மாற்றுப் பிட்சரைக் கூப்பிட மேனேஜர் போனைப் பார்க்க ஆரம்பிக்கும் காலத்தில் 149 பந்து! அடுத்த நாள் அந்தத் தோள் எப்படி வலித்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சரியாக 5 வாரத்தில், ஜூலை 30 அன்று, சிகாகோ வைட் சாக்ஸுக்கு டிரேட் செய்தார்கள்.

நன்றாக வீசினால் விலை ஏறுகிறது, விலை ஏறினால் விற்கிறார்கள். ‘ஜர்னிமேன்’ என்ற வார்த்தையை எங்கேயும் ஒட்டாதவர், எதற்கும் ஆகாதவர் என்கிற மாதிரி பயன்படுத்துகிறார்கள், அது எனக்குக் கோபத்தையே கொடுக்கிறது. யாருக்கும் வேண்டாதவர் 14 கிளப்புக்கு ஆட முடியுமா? 14 கிளப்புகள் அவர் வேண்டும் என்று கேட்டிருக்கின்றன.

2011 ஜூலை 27 இன்னும் மோசம். காலையில் வைட் சாக்ஸ் வீரர். வைட் சாக்ஸ் அவரை டொரன்டோவுக்குக் கொடுத்தது, டொரன்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. அந்தக் கைமாற்றில் அவரோடு செயின்ட் லூயிஸ் போன இன்னொரு பிட்சர் ஆக்டாவியோ டோட்டெல், பின்னால் 13 கிளப்புகளுக்கு ஆடிச் சாதனை வைத்தவர். அதை 2019இல் ஜாக்சன் முறியடித்தார், எந்த ஜெர்சியில் தெரியுமா? டொரன்டோ ஜெர்சியில். 8 வருடத்துக்கு முன்னால் ஒரு பந்துகூட வீச விடாமல் சில மணி நேரத்தில் கைமாற்றிவிட்ட அதே கிளப். இந்தத் தடவை ஓக்லாந்து அவரைப் பணத்துக்குக் கொடுத்திருந்தது. பிட்சராக அவர் கணக்கில் மொத்தம் 107 வெற்றி, 133 தோல்வி. 2011இல் செயின்ட் லூயிஸோடு ஒரு வேர்ல்ட் சீரிஸ் மோதிரம். மேஜர் லீகில் எந்தக் கிளப்பிலும் அவர் தொடர்ந்து 3 பருவத்துக்கு மேல் ஆடியதில்லை.

ஜாக்சன் ஒருவர் கதை மட்டும் என்றால் நான் மடல் எழுத மாட்டேன். ரிச் ஹில் 2005இல் சிகாகோ கப்ஸில் தொடங்கினார், நடுவில் லீகுக்கு வெளியே லாங் ஐலண்டில் தனிக் கிளப்புக்குப் போய் வீசித் திரும்பி வந்தார், 2025இல் 45 வயதில் கான்சாஸ் சிட்டிக்காக வீசி 14 கிளப் கணக்கைச் சமன் செய்தார். ஆலிவர் டிரேக் 2018 என்கிற ஒரே வருடத்தில் 5 மேஜர் லீக் கிளப்புகளுக்கு வீசினார். ஜெஸ்ஸி சாவேஸ் 2022இல் கப்ஸிலிருந்து அட்லாண்டாவுக்கும், அங்கிருந்து ஏஞ்சல்ஸுக்கும், அங்கிருந்து மறுபடி அட்லாண்டாவுக்கும் போனார். வீடு மாற்றும் செலவைக் கிளப் கொடுத்துவிடும். ஜூலைக் கடைசியில் டிரேட், அடுத்த சில வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும், பிள்ளையை எந்த ஊரில் சேர்ப்பது என்று பெற்றோர் முழிப்பதற்கு எந்த ஒப்பந்தத்தில் பதில் இருக்கிறது?

இந்த விதி ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தால் கர்ட் ஃப்ளட்டிடம் போக வேண்டும். 12 வருடம் செயின்ட் லூயிஸுக்கு ஆடியவரை 1969இல் பிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தார்கள். அவர் மறுத்தார், தான் வாங்கி விற்கும் சொத்து அல்ல என்று லீகின் தலைமை நிர்வாகியான கமிஷனருக்கே கடிதம் எழுதினார், வழக்குப் போட்டார், 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையே அதோடு போனது. அடுத்த வருடம் வந்த 10-5 விதி அவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது: நீண்ட காலம் ஒரே ஊரில் இருந்து, திடீரென்று பெயர்க்கப்பட்ட ஒருவருக்கானது. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சட்டை ஜாக்சன் மாதிரி ஆட்களுக்குப் பொருந்தவில்லை.

நான் கேட்பது இதுதான். 10-5 அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு வழியையும் எழுதுங்கள்: 5 வருட சேவை முடித்து, அதற்குள் 3 தடவை டிரேட் ஆன எந்த வீரரையும் அடுத்த தடவை அனுப்பும் முன் அவரிடம் கேட்க வேண்டும். இந்த விதி அன்று இருந்திருந்தால் 2011 ஜூலையில் ஜாக்சனிடம் கேட்டிருக்க வேண்டும்.

உரிமையாளர்களே, ஜூலைக் கடைசியில் நடக்கும் டிரேட் வியாபாரமே நின்றுபோகும் என்று நீங்கள் சொல்வீர்கள். நிற்காது. 1973 டிசம்பரில் சிகாகோ கப்ஸின் ரான் சான்டோதான் 10-5 உரிமையை முதலில் பயன்படுத்தினார், ஏஞ்சல்ஸுக்குப் போக மாட்டேன் என்றார், கடைசியில் அதே சிகாகோவில் இருக்கும் வைட் சாக்ஸுக்குப் போனார். வியாபாரம் நடந்துதான் முடிந்தது. ஜெயிக்கிற கிளப்புக்குக் கூப்பிட்டால் பெரும்பாலானவர்கள் வரத்தான் செய்வார்கள். ஜாக்சனும் செயின்ட் லூயிஸுக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தச் சரியை அவர் வாயால் சொல்லியிருப்பார்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். கப்ஸ் ஜாக்சனுக்கு 4 வருடத்துக்கு 5.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது உண்மை, அதை முடிக்காமலே 2015இல் விடுவித்ததும் உண்மை. அதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் போட்டதில் பல, கீழ்மட்ட ஆட்டமான மைனர் லீக் ஒப்பந்தங்கள். பெரிய நட்சத்திரங்கள் ‘என்னை டிரேட் செய்யக் கூடாது’ என்று தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்து, பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமில் அணியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் 34 வயது பிட்சரால் அதைக் கேட்க முடியுமா? அதனால்தான் இது பொது ஒப்பந்தத்தில் வர வேண்டும், அதைக் கேட்கும் பொறுப்பு சங்கத்துக்கு இருக்கிறது.

சங்கத்துக்குக் கடைசியாக ஒன்று. டிசம்பருக்கு முன்னால் உங்கள் கோரிக்கைப் பட்டியலை எழுத உட்காரும் நாளில் ஜாக்சனையும் ஹில்லையும் டிரேக்கையும் கூப்பிட்டு, ஒவ்வொரு டிரேடும் எத்தனை மணிக்கு, யார் சொல்லித் தெரிய வந்தது, அன்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதைக் குறித்துக்கொண்ட பிறகு இந்த விதியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
2008இலிருந்து பேஸ்பால் பார்த்து வரும் ஒரு ரசிகன்