கலப்பு மொழி என்று ஒதுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் உலக மொழிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஐரோப்பாவின் லிதுவேனிய மொழியின் தொன்மைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார் கட்டுரையாளர். மகிழ்ச்சிதான். ஆனால் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மொழியான பிலிப்பினோவுக்குக் கிடைத்தது ஒரே வரி: ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த, இலக்கணம் குறைந்த மொழியாம். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என் மனம் ஒப்பவில்லை.

சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் மாலுமிகளோடுதான் உண்டதும் உறங்கியதும். ஒரு கப்பலில் கிளைப்பேடா துறைமுகத்துக்காரரான லிதுவேனியத் தலைமைப் பொறியாளரின் கீழ் 9 மாதம் இருந்தேன். ஓர் இரவுப் பணியில், 'ஒரு பெண், குழந்தைக்கு மீன் வாங்கினாள்' என்பதை அவரவர் மொழியில் சொல்லச் சொல்லி, பழைய தாள் ஒன்றின் பின்புறம் எழுதி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தலைமைப் பொறியாளர் சொன்னது: 'மோதெரிஸ் நுபிர்கோ வைக்குய் ஜுவீ.' குழந்தை 'வைக்கஸ்'. குழந்தைக்கு என்றால் 'வைக்குய்'. மீன் 'ஜுவிஸ்', மீனை என்றால் 'ஜுவீ'. நம் வேற்றுமை உருபு போலவே, யாருக்கு, எதை என்பதெல்லாம் பெயர்ச்சொல்லின் வாலில் தெரிந்துவிடுகிறது. இப்படி 7 வேற்றுமைகள். விளி வேற்றுமையும் அதில் உண்டு. யோனாஸ் என்று பெயருள்ளவரைக் கூப்பிடும்போது 'யோனாய்' என்றுதான் கூப்பிட வேண்டும். பள்ளியில் விளி வேற்றுமையை மனப்பாடம் செய்த எனக்கு, அது அங்கே உயிரோடு நடமாடுவதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

எஞ்சினுக்கு எண்ணெய் இடும் வேலை பார்த்த எங்கள் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒரு வாக்கியத்தோடு நிற்கவில்லை, மூன்று சொன்னார். 'பிலி' என்றால் வாங்குதல். பேச்சு வாங்கிய பெண்ணைப் பற்றியது என்றால் வினை 'புமிலி'. மீனைப் பற்றியது என்றால் 'பினிலி'. குழந்தைக்காக வாங்கியது என்று குழந்தையை முன்னிறுத்தினால் 'இபினிலி'. குழந்தை என்ற 'பாத்தா', எந்த வாக்கியத்திலும் பாத்தாவாகவே இருக்கிறது. மாறுவது வினைதான். அதுவும் வாலில் அல்ல: முதல் மெய்யெழுத்துக்கு அடுத்து 'உம்' நுழைகிறது, அல்லது 'இன்' நுழைகிறது. சொல்லின் வயிற்றைத் திறந்து உள்ளே ஒன்றை வைத்து மூடுவது போல. லிதுவேனியம் பெயர்ச்சொல்லில் ஏற்றும் பாரத்தை இம்மொழி வினைச்சொல்லில் ஏற்றுகிறது. இதையா இலக்கணம் குறைந்தது என்பது? மூன்றையும் பிழையில்லாமல் சொல்ல எனக்கு ஒரு பயணம் முழுதும் பிடித்தது.

இன்னொன்றும் உண்டு. நாம், நாங்கள் என்று தமிழில் பிரிக்கிறோமே, அந்தப் பிரிவு பிலிப்பினோவில் அப்படியே இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'தாயோ', விலக்கினால் 'காமி'. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைக் கண்டதும் 'காயின் தாயோ' என்பார்கள். நாம் சாப்பிடுவோம் வாருங்கள் என்று அர்த்தம். அந்த 'தாயோ'வுக்குள் நானும் இருந்தேன். லிதுவேனியத்தில் இரண்டுக்கும் 'மெஸ்' ஒன்றுதான். பொறியாளர் 'மெஸ்' என்னும்போது அதில் நான் உண்டா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கலப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஸ்பெயின் 1565 முதல் 1898 வரை அந்தத் தீவுகளை ஆண்டது. 'மேசா' வந்தது, 'பிந்தானா' என்ற ஜன்னல் வந்தது, 'குத்சாரா' என்ற கரண்டி வந்தது. நாம் சொல்லும் மேசையும் ஜன்னலும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவைதானே? அதனால் தமிழுக்கு இலக்கணம் குறைந்துவிட்டதா? அந்நாட்டு மொழிகளில் ஒன்றான தகலாகுவை அடிப்படையாகக் கொண்டு தேசிய மொழி அமையும் என்று 1937 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் மனுவேல் கெசோன் அறிவித்தார். 1987 அரசியல் சட்டம் அதைப் பிலிப்பினோ என்ற பெயரில் தேசிய மொழியாக நிலைநிறுத்தியது.

லிதுவேனியம் பட்ட பாட்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 1864 முதல் 1904 வரை, ரஷ்யப் பேரரசு அந்த மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்திருந்தது. எல்லைக்கு அப்பால் ஜெர்மானியப் பிரஷ்யாவில் அச்சான நூல்களை மூட்டையாகக் கட்டி, எல்லைக் காவலர் கண்ணில் படாமல் சுமந்து வந்தவர்களுக்கு 'புத்தகம் சுமப்போர்' என்றே பெயர். பிடிபட்டவர்களில் சிலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். இதைச் சொல்லும்போது பொறியாளரின் குரல் தழுதழுக்கும். இந்த வரலாறு கட்டுரையில் இல்லாததும் எனக்கு வருத்தமே.

அந்தத் தாளின் அடியில் நான் பின்னாளில் எழுதிச் சேர்த்த சொற்கள் உள்ளன. லிதுவேனியத்தில் நெருப்பு 'உக்னிஸ்', கடவுள் 'தியேவஸ்'. சமஸ்கிருதத்தின் அக்னியும் தேவனும் இவற்றுக்கு உடன்பிறந்தவை. ஒரே மூதாதை மொழியின் பிள்ளைகள். பிலிப்பினோவில் தெய்வம், தேவதை என்ற பொருளில் 'திவாத்தா' உண்டு. அது சமஸ்கிருதத் தேவதா கடல் கடந்து போனது. அவர்கள் கடவுளுக்குச் சொல்லும் 'தியோஸ்' ஸ்பானியர் கொண்டுவந்தது; அதன் வேரும் தேவனின் வேர்தான். கட்டுரையாளர் தொன்மை என்று புகழ்ந்த மொழியிலும், கலப்பு என்று தள்ளிய மொழியிலும் ஒரே சொல் மூன்று உருவில் இருக்கிறது.

அந்த ஒற்றை வரியை அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் விரும்பினால் என் தாளின் நகலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்