மேற்குச் சன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

ஈரோடு,
சித்திரை மாதம்.

அன்பு நண்பர் பழனிசாமி அவர்களுக்கு,

வணக்கம். பெருந்துறை வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் மனம் நிறைந்தது. இரட்டைக் கண்ணாடிக்கான விலைத்தாளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பணம் செலவழித்த பிறகே நான் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

என் மாடி அறையின் மேற்குச் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வாங்கியபோது, விற்றவர், கண்ணாடி வழியே வெப்பம் கடக்கும் அளவைச் சொல்லும் யூ வேல்யூ என்ற எண் ஒன்றையே காட்டினார். ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7 ஆக இருப்பது, நடுவே 12 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 ஆகிவிடும் என்றார். எண் பொய்யில்லை. ஆனாலும் பங்குனி மாதப் பிற்பகலில் சன்னலோர நாற்காலியின் கைப்பிடி முன்போலவே சுட்டது.

காரணம் இதுதான். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கும் என்பதே யூ வேல்யூ. நேராக விழும் வெயிலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்வது எஸ்.எச்.ஜி.சி. என்னும் எண். உங்கள் சன்னல் 2 சதுர மீட்டர், வெளியே 38 டிகிரி, ஏசி போட்ட அறைக்குள் 26 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடியிலிருந்து இரட்டைக்கு மாறினால், இந்த 12 டிகிரி வித்தியாசத்தால் உள்ளே வரும் வெப்பத்தில் மிச்சமாவது 70 வாட். சன்னலில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுந்தாலோ, எஸ்.எச்.ஜி.சி. 0.72 உள்ள தெளிந்த இரட்டைக் கண்ணாடி 860 வாட்டுக்கு மேல் உள்ளே விடும், 0.30 உள்ள லோ-ஈ பூச்சு (வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சு) போட்ட இரட்டைக் கண்ணாடி 360 வாட்தான் விடும். நம் ஊர் வெயிலுக்கு முதலில் பார்க்க வேண்டிய எண் எது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைக் குறிக்கும் வி.எல்.டி. எண்ணையும் கேளுங்கள்; அது மிகக் குறைந்தால் பகலிலேயே விளக்குப் போட நேரும். தாளில் உள்ள யூ வேல்யூ பெரும்பாலும் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு உரியது. சாதாரண அலுமினியச் சட்டம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால், சட்டத்தையும் சேர்த்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கண்ணாடி வந்து இறங்கியதும், பொழுது சாய்ந்தபின் வெளிப்புறமாக நின்று ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகளின் நான்கு பரப்புகளிலும் ஒவ்வொன்றாக நான்கு சுடர்கள் தெரியும். பூச்சு இருந்தால் அவற்றில் ஒன்று நிறம் மாறியிருக்கும். வெயிலைத் தடுப்பதற்கு உங்கள் பக்கமிருந்து இரண்டாவது சுடர் மாறியிருப்பதே நல்லது.

ஆடிக் காற்றில் சன்னலைத் திறந்து வைத்தால் இந்த எண்களுக்கு வேலையில்லை. கிழக்கு அறைகளில் ஏசி இல்லையென்றால் ஒற்றைக் கண்ணாடியே போதும். நான் இப்போது மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறேன், கைப்பிடி சுடுவதில்லை. முன்பணம் கொடுப்பதற்குள் விலைத்தாளின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
சுப்பிரமணியம்